பிள்ளைக்காம்பராவில் பறந்த விமானம்

போனில் இருக்கும் நம் பள்ளிக்கூடத்துக் குழுவில் போன வாரம் பெரிய வாய்ச்சண்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைக்காம்பராவில் உட்கார்ந்து கம்பியூட்டரில் சண்டை விமானம் ஓட்டினோமே, அதில் யார் பெரிய கெட்டிக்காரர் என்று. கொழும்பில் கடை வைத்திருப்பவர் தான்தான் என்கிறார். கட்டாரில் டிரைவர் வேலை பார்ப்பவர், “மச்சான், நீ ஓடுபாதைய விட்டு மேல எழும்பினதே இல்ல” என்று எழுதி ஏழு சிரித்த முகம் போடுகிறார். விடிவதற்குள் நாற்பது செய்திகள். ஒருவர் வாயிலும் என் பேர் வரவில்லை.

மறதி என்று நான் நினைக்கவில்லை. என் பேரைச் சொன்னால் அடுத்து என் மாமாவைப் பற்றிப் பேச வேண்டி வரும். அதனால் நாசூக்காகச் சுற்றிப் போகிறீர்கள். நாற்பதைத் தாண்டி, பாதிப் பேருக்குச் சீனி வியாதியும் வந்துவிட்டது, இனிமேல் என்ன நாசூக்கு? அந்த விமானத்தை மேலே ஏற்றி, குண்டு போட்டு, திரும்பக் கொண்டுவந்து ஒரு கீறல் இல்லாமல் இறக்கியது நான் ஒருத்திதான். நீங்கள் எல்லோரும் மலையில் கொண்டுபோய் முட்டியவர்கள். இதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள், மீதியைச் சொல்கிறேன்.

மாமா என் அம்மாவின் ஒரே தம்பி. எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் முதன்முதலாக ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணியவர். பதுளை டவுனில் ஒரு மாடிக் கட்டடத்தில் கம்பியூட்டர் வகுப்பு நடந்தது, அங்கே படிப்பித்துக்கொண்டு அங்கேயே ஒரு அறையில் தங்கியிருந்தார். சனிக்கிழமை பின்னேரம் கோச்சியில் ஹாலிஎலை ரயில் ஸ்டேசனுக்கு வந்து, அங்கிருந்து தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் ஏறி வருவார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனை, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. எதைப் பார்த்தாலும் திருத்துகிற வியாதி அவருக்கு. கடைக்காரர் எழுதி மாட்டிய ‘இன்று ரொக்கம்’ பலகையைத் திருத்தினார். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் வாழ்த்துவதற்கு முன்னால் சிவப்புப் பேனையை எடுப்பார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த வகுப்பில் பழசாகிப்போன ஒரு கம்பியூட்டரைக் கழித்துப் போட்டார்கள். மாமா அதைக் கேட்டு வாங்கி, கம்பளியில் சுற்றி, கோச்சியில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். ஸ்டேசனிலிருந்து கொழுந்து லொறியில் சாக்குகளுக்கு நடுவே அது மேலே ஏறியது. கூடவே ஓடி வந்தவர்களில் நீங்களும் இருந்தீர்கள். “டீவியா?” என்று கேட்டது யார் என்று இப்போது சொல்லி மானத்தை வாங்க மாட்டேன்.

அப்போது லயங்களில் கரண்ட் இல்லை. பிள்ளைக்காம்பராவில் மட்டும் ஃபாக்டரியிலிருந்து ஒரு லைன் வந்தது. வேலை நாளில் கொழுந்து பறிக்கப் போகிற அம்மாமார் கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுப் போவார்கள், ஞாயிற்றுக்கிழமை அது காலியாகக் கிடக்கும். மாமா தோட்டத்து மேனேஜர் துரையிடம் போய் நின்று, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டைப் அடிக்கப் படிப்பிக்கிறேன் என்று கேட்டார். துரையும் சரி என்றார். அந்த நாளில் தோட்டத்தில் துரையிடம் சொல்லாமல் ஒரு ஆணி அடிக்க மாட்டோம். ஆபீசில் சொல்லிவிட்டால் சரி, அதற்குப் பிறகு நமக்கு ஒன்றும் வராது என்று நம் அப்பாமார் எல்லோரும் நம்பினார்கள்.

அந்த அறையின் மணம் ஞாபகமிருக்கிறதா? பால் மாவும் டெட்டோலும் காய்ந்த மூத்திரமும் கலந்த மணம். உத்தரத்திலிருந்து சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும், நாம் அவற்றை முடிச்சுப் போட்டு மேலே தூக்கிவிட்டு பெஞ்சில் நெருக்கி உட்காருவோம். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் கம்பியூட்டர் கண் திறக்காது. மாமா அதன் பெட்டியைக் கழற்றி, பக்கத்தில் ஒரு பல்பை எரியவிட்டு அரை மணி நேரம் சூடு காட்டுவார். அதுவரை நாம் கையைக் கட்டிக்கொண்டு, பிரசவ வார்டுக்கு வெளியில் நிற்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருப்போம். பிறகு திரையில் பச்சை எழுத்து வரும்.

முதலில் டைப். ஒழுங்காக அடித்தவர்களுக்கு அரை மணி நேரம் விமானம். அந்த விளையாட்டு யாரோ போட்டு வைத்து அந்தப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது, எப்படி ஆடுவது என்று சொல்ல ஒரு தாள்கூட இல்லை. திரையின் கீழ்ப்பாதியில் சாம்பல் நிறத்தில் மணிக்கூடு மணிக்கூடாக முள்கள், மேல்பாதியில் வானம். தரை ஒரே பச்சை. மலைகள் முக்கோணம், ஆறு ஒரு நீலக் கோடு, வீடுகள் பெட்டிகள். எந்தப் பொத்தானை அமுக்கினால் சக்கரம் மடங்கும், எதை அமுக்கினால் குண்டு விழும் என்று நாமே விழுந்து விழுந்து கண்டுபிடித்தோம். குண்டு விழுந்தால் பெட்டிக்குள்ளிருந்து ‘ட்ர்ர்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பால் போத்தல் கழுவுவதற்காக ஆயம்மா ஞாயிற்றுக்கிழமையும் வந்து போவாள். ஒரு நாள் என் முதுகுக்குப் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பொட்டி வீட்டுக்குள்ள ஆளுங்க இருக்காங்களா புள்ள?”

“இல்ல ஆயம்மா. சும்மா பொட்டிதான்.”

“ஒனக்கு எப்படித் தெரியும்? மேல இருந்து பாத்தா நம்ம லயமும் பொட்டி மாதிரிதானே தெரியும்?”

நாம் சிரித்தோம். மாமா சிரிக்கவில்லை. “இன்னிக்குப் போதும், வீட்டுக்குப் போங்க” என்று அணைத்துவிட்டார். வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. ரேடியோவில் தினமும் விமானம் போய்க் குண்டு போட்ட செய்தி வரும், அப்பா சத்தத்தைக் குறைத்து வைப்பார். நமக்கு அது வேறு, இது வேறு. பதுளைக்குப் போகிற பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை பார்ப்பார்கள், தமிழ்ப் பேர் என்றால் இறக்கி ஓரமாக நிறுத்துவார்கள், அதுதான் நமக்குத் தெரிந்த சண்டை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மாமா புறப்படும்போது அம்மா கேட்கிற ஒரே கேள்வி, “அட்ட இருக்கா?” மாமா சட்டைப் பையைத் தட்டிக் காட்டுவார்.

இனி புத்தகத்துக்கு வருகிறேன். இதுதான் உங்களில் பலருக்குத் தெரியாதது.

விமானத்தை ஏற்றுவது சுலபம். இலக்கைத் தேடிப் போவதும், திரும்பி வருகிற வழியைக் கண்டுபிடிப்பதும்தான் கஷ்டம். எல்லாப் பக்கமும் ஒரே பச்சை. நான் வழியை எழுதி வைக்க ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்துக் கொப்பியில் எழுதினால் அம்மா தோலை உரித்துவிடுவாள். அப்பா அப்போது கங்காணி. ஆபீசுக்குப் பின்னால் நனைந்து கிடந்த பழைய புத்தகக் குவியலிலிருந்து ஒரு செக்ரோலை எனக்குக் கொண்டுவந்து தந்தார். யார் யார் என்றைக்கு வேலைக்கு வந்தார்கள் என்று பேர் போடுகிற அந்த நீளப் புத்தகம். முன்பாதி எழுதியிருந்தது, பின்பாதி வெறும் தாள். அட்டையில் தோட்டத்து முத்திரை.

பின்பக்கத்திலிருந்து நீலப் பேனையால் எழுதினேன். திரையில் வருகிற இங்கிலீஷ் பேர்கள் என் வாய்க்குள் நுழையவில்லை, அதனால் நானே பேர் வைத்தேன். நீளப் பெட்டி ஃபாக்டரி. மலை உச்சியில் தனியாக நின்ற பெட்டி பெரிய பங்களா. ஆற்றுக்கு மேல் போன கோடு ரயில் பாலம். படமும் போட்டேன். பாகை எத்தனை, உயரம் எத்தனை அடி, எத்தனை நிமிஷம். ‘ஃபாக்டரி, ரெண்டு குண்டு, தாழப் போகணும். பங்களா, ஒரு குண்டு. ரயில் பாலம், மூணு குண்டு, மூணாவது விழுந்ததும் இடது பக்கம் திரும்பி ஓடிரணும்.’ அச்சுப் பிசகாமல் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. நன்றாக எழுதியிருக்கிறேன் என்று எனக்கு ஒரே பெருமை.

மாமாவிடம் காட்டினேன். அவருடைய கை தானாகச் சிவப்புப் பேனைக்குப் போனது. ஒரு பாகையைத் திருத்தினார். ‘பாலத்துக்கு 2 போதும், மிச்சம் பிடி’ என்று ஓரத்தில் எழுதினார். கீழே ஒரு சரி போட்டு, ‘கெட்டிக்காரி’ என்று எழுதப் போனவர் ‘கெட்டி’யோடு நிறுத்திவிட்டு, முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசித்தார்.

“இந்தப் பேரெல்லாம் மாத்து. நம்ம தோட்டத்துப் பேரு வேணாம். வேற தாள்ல எழுதிட்டு இதக் கிழிச்சு அடுப்புல போட்ரு.”

“ஏன் மாமா?”

“சொன்னாச் செய்.”

“அடுத்த வாரம் எழுதுறேன் மாமா.”

சோம்பேறித்தனம்தான், வேறொன்றும் இல்லை. பத்துப் பக்கத்தை யார் திரும்ப எழுதுவது? அந்த அடுத்த வாரம் வருவதற்குள் நான் பெரிய பிள்ளையாகிவிட்டேன்.

புதன்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அழுதாள், சிரித்தாள், என்னைக் கொல்லைப்புறம் உட்கார வைத்தாள். மறுநாள் மாமா லீவு போட்டுவிட்டு வந்தார். குச்சில் கட்ட வேண்டியது தாய்மாமன்தான். நம் மலையில் தென்னை ஏது? பதுளைச் சந்தையில் பச்சை ஓலை வாங்கி, கோச்சியில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். ஓலையும் மானாப் புல்லும் சேர்த்து, வீட்டின் பின் சுவரோடு ஒட்டி, நான் ஒருத்தி கால் நீட்டிப் படுக்கிற அளவுக்கு ஒரு குடிசை. வெள்ளைச் சட்டையில் ஓலைச் சாறு. கட்டி முடித்துவிட்டு வெளியில் நின்றபடியே, “பைலட் அம்மா, உள்ள எடம் போதுமா?” என்று கேட்டார். 

ஒன்பது நாள் அதற்குள். தனிப் பாய், தனித் தட்டு, தனிச் செம்பு. ஆம்பிளை முகம் பார்க்கக் கூடாது. காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், மத்தியானம் உளுந்துக் களி. புத்தகம், பேனை தொடக் கூடாது, தீட்டு. அம்மா என் பையில் இருந்ததையெல்லாம் அள்ளி, பரண் மேல் வைக்கச் சொல்லி அப்பாவிடம் கொடுத்தாள்.

அப்பா அந்தக் கட்டில் செக்ரோலைப் பார்த்தார். சடங்குக்குத் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் ஐயாவைக் கூப்பிட்டிருந்தது. அவர் வந்து எங்கள் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும்போது, ஆபீஸ் முத்திரை போட்ட புத்தகம் ஒன்று வீட்டில் கிடப்பதைப் பார்த்தால் கங்காணி திருடன் என்று ஆகிவிடாதா? கேட்காமல் எடுத்து வந்தது அப்பாவை அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். நாலு பக்கம் புரட்டிப் பார்த்தார், பேரும் நாளும் இருந்தது. பின்பக்கம் திருப்பவில்லை. மறுநாள் காலை வேலையாட்களின் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகும்போது கையோடு கொண்டுபோய், “இது எங்கிட்ட வந்துருச்சுங்க ஐயா” என்று ஆபீஸ் மேசையில் வைத்துவிட்டு வந்தார். மனசு லேசாகி, வருகிற வழியில் எனக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் வாங்கி வந்தார்.

எங்கள் அப்பாவைப் போல நேர்மையான ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. அந்த நேர்மையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

பெரிய கிளாக்கர் கெட்டவர் இல்லை. மாசக் கடைசியில் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது அந்தப் புத்தகத்தைத் திறந்திருக்கிறார். ஃபாக்டரி, பங்களா, ரயில் பாலம், குண்டு. அவரும் தமிழர், பயந்துவிட்டார். தன்னிடம் இருந்து பிறகு அகப்பட்டால் தன் கதி என்ன என்று துரையிடம் கொண்டுபோனார். துரையும் பயந்து போலீசுக்குப் போன் போட்டார். ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் கொடுத்துவிட்டால் தனக்கு ஒன்றும் வராது என்று நினைத்தார்கள்.

ஒன்பதாம் நாள் தண்ணி ஊற்றுகிற சடங்கு. லயம் முழுக்க ஆட்கள், மலையிலிருந்து குழாயில் வருகிற பீலித் தண்ணியை அண்டாவில் பிடித்து வைத்திருந்தார்கள். மாமா வெள்ளைச் சட்டையோடு தட்டில் சேலை, வளையல், பழம், பூ எல்லாம் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா குச்சிலுக்குள் வந்து என் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஜீப் வந்தது. ஓலை இடுக்கு வழியாகப் பார்த்தேன். நாலு பேர் துப்பாக்கியோடு இறங்கினார்கள். ஐந்தாவதாக இறங்கியவர் பெரிய கிளாக்கர். நாங்கள் கூப்பிட்ட விருந்தாளி அப்படித்தான் வந்தார்.

அதிகாரி சிங்களத்தில் கேட்டார், கிளாக்கர் தமிழில் சொன்னார். 

“இது யாரு எழுதினதுன்னு கேக்குறாங்க.”

அப்பா புத்தகத்தைப் பார்த்துவிட்டு, “இது நான் ஆபீசுல குடுத்ததுங்களே ஐயா” என்றார். திருட்டு விஷயம் என்றுதான் அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி பின்பக்கத்தைத் திறந்து பிடித்தார். மாமா அதைப் பார்த்தார். தட்டை இறக்கவில்லை. தலையைத் திருப்பிக் குச்சிலைப் பார்த்தார். ஓலைக்குள் இருந்த என்னை அவருக்குத் தெரிந்திருக்க நியாயம் இல்லை, ஆனால் என் கண்ணைப் பார்த்த மாதிரியே இருந்தது.

“செவப்பு என்னோட எழுத்து” என்றார்.

“நீலம்?” என்றார் கிளாக்கர்.

“அதுவும் என்னோடதுதான். இது கம்பியூட்டர் வெளையாட்டு ஐயா, பிள்ளைக்காம்பராவுல இருக்கு. வாங்க, போட்டுக் காட்டுறேன்.” அதையே அவர் சிங்களத்திலும் சொன்னார். அவர்கள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஒருவர் மாமாவின் கையைப் பிடித்தார்.

நான் எழுந்தேன். தலை ஓலையில் இடித்தது. “அது நா—” என்றதோடு அம்மா என்னை இழுத்து மடியில் போட்டு வாயைப் பொத்தினாள். எண்ணெயும் மஞ்சளும் அப்பிய கை. மூச்சு முட்டியது. கடித்தேன், பல் பதியக் கடித்தேன். அம்மா கையை எடுக்கவில்லை. 

வெளியில் மாமாவின் குரல் கேட்டது. “மச்சான், தட்ட உள்ள வைங்க. மழ வரும்போல.” பிறகு ஜீப் கிளம்பிய சத்தம். பிள்ளைக்காம்பராவில் நிறுத்தி, கம்பியூட்டரையும் தூக்கி ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று பிறகு சொன்னார்கள். அதை யாராவது ஒரு தடவையாவது போட்டுப் பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது.

நல்ல நேரம் போய்விடும் என்று ஒரு பெரியம்மா சொன்னாள். எனக்குத் தண்ணி ஊற்றினார்கள். பாதிப் பேர் அதற்குள் கலைந்து போயிருந்தார்கள். மாமா கொண்டுவந்த சேலையைத்தான் கட்டிவிட்டார்கள், அரக்குச் சிவப்பு, சரிகை உறுத்தியது. அன்று பகல் முழுவதும் அந்தச் சேலையோடு நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். சடங்கு முடிந்ததும் குச்சிலைப் பிரிக்க வேண்டியவரும் தாய்மாமன்தான். அதனால் அதை யாரும் தொடவில்லை. ஓலை பழுத்து, காய்ந்து, காற்று மாதத்தில் தானாக விழுந்தது.

அன்று பின்னேரமே அப்பாவிடம் சொன்னேன், “நான்தாம்பா எழுதினேன்” என்று.

“எனக்குத் தெரியாதா? ஒன் எழுத்து எனக்குத் தெரியாதா?”

“அப்ப நான் வந்து சொல்றேம்பா. விட்ருவாங்க.”

“வாய மூடு!” அப்பா என் மேல் கை ஓங்கியது அந்த ஒரு தடவைதான். அடிக்கவில்லை. “வயசுக்கு வந்த புள்ள ஸ்டேசனுக்குள்ள போயிட்டு வந்தா, சும்மா போயிட்டு வந்தான்னு எவன் நம்புவான்? ஒங்க மாமன் எதுக்கு அப்படிச் சொன்னான்? நீ போறதுக்கா?”

எனக்கு அப்போது பன்னிரண்டு வயசு. இருந்தும் ஒரே ஓட்டமாக ஓடிப் போயிருக்கலாம், பஸ் ஏறியிருக்கலாம். எந்த ஸ்டேசன் என்று தெரியாது, சிங்களம் தெரியாது, இப்படி ஆயிரம் காரணம் முப்பது வருஷமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒன்றும் நிற்கவில்லை.

அப்பாவும் யூனியன் தலைவரும் அலைந்தார்கள். முதல் வாரம், இங்கேதான் இருக்கிறார், விசாரிக்கிறோம் என்றார்கள். அடுத்து, வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். அந்த இடத்தில் அப்படி ஒருவர் வரவே இல்லை என்றார்கள். பிறகு முதல் இடத்திலும் அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவே இல்லை என்றார்கள். மாற்றுத் துணி வைத்த பை போன மாதிரியே திரும்பி வந்தது. அப்பா கங்காணி வேலையை விட்டுவிட்டு மலைக்குத் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போனார். சாகிறவரை ஆபீஸ் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

நீங்களும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. உங்கள் அம்மாமார் விட்டிருக்க மாட்டார்கள், எனக்குப் புரிகிறது. பீலிக்கரையில் நான் வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தவர்களும் உண்டு. இப்போது குழுவில் பிறந்தநாள் வாழ்த்துப் போடுகிறார்கள், நானும் பூ அனுப்புகிறேன்.

நான் இப்போது பதுளையில்தான், பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறேன். அம்மா என்னோடு இருக்கிறாள், எழுபது தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பச்சைப் பேனையால் திருத்துகிற டீச்சர் என்று என்னைக் கேலி பண்ணுவார்கள். காரணம் கேட்டால் கண்ணுக்குக் குளிர்ச்சி என்பேன். என் மகள் பெரிய பிள்ளையானபோது ஓரமாக உட்கார வைக்கவில்லை, மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் அனுப்பினேன். அம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

குழுவில் நீங்கள் சண்டை போட்டதை மகள் என் போனில் வாசித்துவிட்டாள். “எந்தக் கேம்மா?” என்று குடைந்து, பழைய விளையாட்டுகள் கிடைக்கிற ஏதோ ஓர் இடத்தில் தேடி, தன் லப்டொப்பில் ஓடவிட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அதே சாம்பல் முள்கள், அதே முக்கோண மலை. நான் தொடவில்லை. அம்மா பக்கத்தில் கதிரையில் உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை வைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

“இதா அது?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா அந்த விளையாட்டை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

“இதான்மா.”

மகளின் விமானம் கிளம்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, பச்சையில் போய் விழுந்தது. ‘ட்ர்ர்’ என்று சத்தம்.

“இவ்வளவுதானா?” என்றாள் அம்மா.  பிறகு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “நான் போனேன்” என்றாள்.

“எங்க?”

“அவனப் புடிச்சிட்டுப் போன மூணா நாளு. கோயிலுக்குன்னு ஒங்கப்பாகிட்ட சொல்லிட்டு நான் மட்டும் போனேன். ஸ்டேசன் கேட்டுக்குப் பக்கத்துல நின்னேன். தமிழ் தெரிஞ்ச ஒருத்தரு வந்தாரு. எம் மக எழுதினதுங்க ஐயா, அவன் இல்லன்னு சொன்னேன்.”

மகள் விளையாட்டை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள்.

“அப்ப அந்தப் புள்ளயக் கூட்டிட்டு வாங்கன்னாரு. எங்க முன்னுக்கு எழுதிக் காட்டட்டும், வெளையாடிக் காட்டட்டும். சரியா இருந்தா ஒங்க தம்பியக் கையோட கூட்டிட்டுப் போங்கன்னாரு.”

“மாமா அங்க இருந்தாரா?”

“இருந்தான். இருமுற சத்தம் கேட்டுச்சு. அவன் இருமல் எனக்குத் தெரியாதா?”

அம்மா ஹாலிஎலையில் இறங்கி நடந்து வந்திருக்கிறாள். என்னைக் கூட்டிப் போகத்தான் வந்தாளாம், வழியெல்லாம் அதே நினைப்புத்தானாம். லயத்துக்குத் திரும்புகிற வளைவில், பீலியில் நான் தலைக்குக் குளித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறாள். பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். பிறகு வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்து ரொட்டி தட்டியிருக்கிறாள். அப்பாவிடம் சொல்லவில்லை. அப்பா செத்த பிறகும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த அதிகாரி சொன்னது உண்மையா, இரண்டு பேரையும் உள்ளே போடுகிற தந்திரமா, யாருக்கும் தெரியாது. என்னை மடியில் அமுக்கிய அம்மாவை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நின்றபோது எனக்கு அவளை அடிக்க வேண்டும் போலிருந்தது. அவள் காலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. பக்கத்தில் என் மகள், அன்றைக்கு எனக்கு இருந்த அதே வயசில், எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?” என்றேன். “ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.”

அம்மா சுளகை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“சொல்லியிருந்தா நீ போயிருப்ப” என்றாள்.